நான்காம் வரிசையில் மூடியிருந்த உதடுகள்

பதினேழு வருடம் மற்றவர்களின் உதடுகளைப் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆக்லாந்தில் குடியுரிமை விழாக்களை நடத்துகிற நகரசபைப் பிரிவில் நான் இருந்தேன். தேவாலயத்தில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டு நான் இதைச் சொன்னால், "ஓ, கதிரை அடுக்கிற வேலையோ?" என்பார்கள். ஆட்கள் உட்காரக் கதிரையும் அடுக்கியிருக்கிறேன். மேடைக்கு முன்னால் பூச்சாடி வைத்திருக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் என் கண்ணில் நிற்பவை உதடுகள்தான்.

போன மாதம் நந்தினி தொலைபேசியில் அழைத்தாள். என் இடத்துக்கு வந்திருக்கும் சென்னைப் பெண்.

"அக்கா, புதுக் கையேட்டுல உறுதிமொழியைக் கவனிக்கணும்னு ஒரே ஒரு வரிதான் போட்டிருக்காங்க. யாராவது சொல்லாம நின்னா என்ன பண்றது? உங்க காலத்துல அப்படி யாராவது நின்னாங்களா?"

"ஓம், ஒராள் நிண்டவ."

"ஏன் நின்னாங்க?"

"அதைத்தான் நான் கேட்டிருக்கக் கூடாது," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து கொழும்புக்கும் அங்கிருந்து இங்கேயும் வந்த எனக்கு முதலில் கிடைத்தது நூலகக் கவுன்டர் வேலை. ஆறு வருடத்தின் பின் விழாப் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாள், ஒரு தடித்த கோப்பு, பழைய விழா ஒன்றின் வீடியோ. மீதியை டெனிஸ் சொல்லித்தந்தார்.

டெனிஸ் என் மேலதிகாரி. நெடிய, நரைத்த பெண்மணி. முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் துணை அதிபராக இருந்தவராம். மண்டபத்தில் மேசை போடுவதற்கு முன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து மேடை தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு இடது ஓரத்தில், அதன் பிறகு தூணுக்குப் பின்னால். "இங்கே இருக்கப்போகிறவரும் அதே விண்ணப்பத்தைத்தான் நிரப்பினார்" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு போனாலும், "என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கமாட்டார். "என்ன பார்த்தாய்?" என்பார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது.

விழாவின் ஒழுங்கு இதுதான். அரசாங்கம் விண்ணப்பத்தை ஏற்றுக் கடிதம் அனுப்பியிருந்தாலும் வளர்ந்தவர்கள் விழாவுக்கு வந்து நாட்டின் தலைவரான அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வாசகத்தைத் தம் வாயால் சொன்ன பிறகே குடிமக்கள். வாசலில் கடிதத்தையும் அடையாளத்தையும் பார்த்து, இருக்கை எண்ணும் வாசகம் அச்சடித்த அட்டையும் கொடுப்போம். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளில் பெரியவர் ஒருவர் வரவேற்பார். கடவுள் பெயரால் சத்தியம் செய்பவர்கள் முதலில் எழுந்து நின்று சொல்வார்கள். கடவுளைச் சேர்க்காமல் உறுதிமொழி மட்டும் எடுப்பவர்கள் அடுத்து. அப்போது மண்டபத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பக்கவாட்டில் நின்று உதடுகளைப் பார்ப்போம். அதன் பின் மேயரின் பேச்சு, ஒரு பாடல். அது முடிந்ததும் நான் வரிசைப்படி பெயர்களை வாசிப்பேன். அவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சான்றிதழ் வாங்குவார்கள். கடைசியில் நாட்டுப் பண், மாவோரியிலும் ஆங்கிலத்திலும்.

பெயர்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. விழாவுக்கு முந்தின வாரம் பட்டியலில் உள்ள எல்லோரையும் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பேன். கேட்டதைத் தமிழ் எழுத்தில் மேலே குறித்துக்கொள்வேன். ஆங்கில எழுத்தை நம்பினால் மேடையில் மானம் போய்விடும். சமோவாக்காரர் ஒருவரின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து நான் 'தகலோவா' என்றேன். அவர் பொறுமையாக, மூன்று தரம், 'தஙலோவா' என்றார். நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். சின்ன வகுப்பில் ங, ஙா, ஙி என்று பக்கம் பக்கமாக எழுதவைத்தபோது, "இதால ஒரு சொல்லுச் சொல்லுங்கோ டீச்சர்" என்று கேட்டு அடி வாங்கியவள் நான். அந்த எழுத்துக்கு வேலை இந்தத் தீவில் இருந்திருக்கிறது. மாவோரியில் 'ஙா' என்று தொடங்கும் சொற்கள் எத்தனையோ. டெனிஸ் என் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "இந்தச் சுழியில் எது மூக்கால் வருகிறது?" என்று கேட்டார். காட்டினேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரு காகிதத்தில் ங எழுதிப் பழகினார்.

யார் சத்தியத்தை எடுக்கிறார்கள், யார் உறுதிமொழியை எடுக்கிறார்கள் என்பதையும் நான் வேடிக்கை பார்த்ததுண்டு. எங்கள் ஆட்களில் ஒரு பாஸ்டர், வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு வந்தவர், கடவுளைச் சேர்க்காத அட்டையைக் கேட்டு வாங்கினார். "சத்தியமே பண்ணாதேயுங்கோ எண்டு வேதத்தில கிடக்குது, அம்மா. நான் மற்றதைச் சொல்றன்" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற விஞ்ஞானி ஒருவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்தார்.

அரசி காலமாகி அட்டையில் 'அரசர்' என்று மாற்றிய பிறகு நடந்த விழாவில், பழைய வாசகத்தை வீட்டில் மனப்பாடம் செய்து வந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அரசிக்கே விசுவாசம் சொல்லி முடித்தார். டெனிஸ் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், அட்டையைப் பார்த்து இன்னொருமுறை சொல்லவைத்தார். மனிதர் வெட்கத்தில் சிவந்துவிட்டார். "நானும் இன்னும் பழகவில்லை" என்றார் டெனிஸ்.

இனி மலர்விழியின் கதை.

வெஸ்ட்கேட் பக்கம் ஒரு மண்டபம். சனிக்கிழமைக் காலை. நான்காம் வரிசையில் திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. கணவர் கார்த்திகேயன், கம்ப்யூட்டர் வேலை. மனைவி மலர்விழி, பரிசோதனைக் கூடமொன்றில் நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பவர். நடுவில் ஏழு வயது மகள். இங்கே பிறந்தவள் என்பதால் அவள் ஏற்கெனவே குடிமகள். போனில் பேசியபோதே மலர்விழியின் குரல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. "கடைசி எழுத்து ழி, அக்கா. பள்ளின்னு சொல்ற ளி இல்ல" என்று சிரித்திருந்தார்.

சத்தியம் எடுப்பவர்கள் எழுந்தார்கள். அந்தப் பகுதி என்னுடையது. முந்நூறு பேர் ஒன்றாகச் சொல்லும்போது சத்தத்தை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. கண்தான் வேலை செய்யவேண்டும். கார்த்திகேயனின் உதடு அசைந்தது. அட்டையைப் பார்த்துச் சரியாகவே சொன்னார். மலர்விழியின் அட்டை இடுப்புக்கு நேரே இருந்தது. நேராக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் மூடியே இருந்தன. தொடக்கத்தைத் தவறவிட்டிருப்பார், இப்போது சேர்ந்துகொள்வார் என்று பார்த்தேன். கடைசிச் சொல்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து உறுதிமொழி எடுப்பவர்கள் எழுந்தார்கள். மலர்விழி எழவில்லை.

மேயர் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சும் பாடலும் முடியப் பன்னிரண்டு நிமிடம். அதற்குப் பிறகு நான் மைக் முன்னால் நின்று அவருடைய பெயரை வாசிக்கவேண்டும். சொல்லாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. பார்த்தது நான் மட்டும். தமிழ்ப் பிள்ளை, கூச்சமாயிருக்கும், பார்க்காத மாதிரி விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். இதை மறைக்க விருப்பமில்லை. ஆனால் அதைவிட ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. இந்தக் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, பட்டுச்சேலை கட்டி வந்தவர், அந்த அரை நிமிடம் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றார்?

குனிந்தபடி வரிசைக்குப் போய், "தங்கச்சி, ஒரு நிமிசம் வெளியில வாறியளோ?" என்றேன். கணவர் திரும்பிப் பார்த்தார். "பேப்பர்ல ஒரு சின்ன விசயம்" என்றேன். அது பொய். அந்தப் பொய்க்கு நான் பிறகு பதில் சொல்லவேண்டி வந்தது.

பக்கத்து நடையில் நின்று கேட்டேன். "அட்டையில இருந்ததைச் சொன்னனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சிடுச்சா?"

"பாக்கிறதுதான் என்ர வேலை."

"இல்லக்கா. சொல்லல."

அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நான் நிறுத்தவில்லை. "ஏன் தங்கச்சி?"

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் பேசினார். "அவருக்கு பிரிஸ்பேன்ல வேலை கிடைச்சிருச்சு. இந்த பாஸ்போர்ட் இருந்தா முன்கூட்டியே விசா கேட்கத் தேவையில்ல, நேரா போயிரலாம். அதுக்குத்தான் இதெல்லாம். கையில வாங்குனதும் கிளம்புறதா பிளான். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக இஷ்டமே இல்ல. சரி, குடும்பம்னா அப்படித்தான்னு வந்துட்டேன். இங்க உக்காந்து அட்டையைப் படிக்கிறேன், விசுவாசமா இருப்பேன், குடிமகளோட கடமையைச் செய்வேன்னு போட்டிருக்கு. பெட்டியைக் கட்டி வச்சிட்டு வந்து, சாமி மேல சத்தியமா அதை எப்படிக்கா சொல்றது?"

அந்த அட்டையை ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். ஒருவர் அதை இப்படி வாசித்து நான் பார்த்ததில்லை.

கதவு திறந்து டெனிஸ் வந்தார். நான் என் இடத்தில் இல்லாததைக் கவனித்திருக்கிறார்.

"என்ன பார்த்தாய்?"

"உதடு அசையவில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை."

டெனிஸ் மலர்விழியின் பக்கம் திரும்பினார். "இதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது இங்கேயே எனக்கு முன்னால் சொல்ல விரும்புகிறீர்களா?"

"இன்னைக்கு வேண்டாம்" என்று மலர்விழி ஆங்கிலத்தில் சொன்னார்.

"சரி. உங்கள் சான்றிதழ் உறை என்னிடம் இருக்கும். இன்னும் அவகாசம் இருக்கிறது. சொல்லத் தோன்றினால் அழையுங்கள், வேறு விழாவில் சேர்க்கிறோம். தோன்றாவிட்டாலும் அழைத்துச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். ஏன் என்று டெனிஸ் கேட்கவே இல்லை. மலர்விழி தன் இருக்கைக்குத் திரும்பியதும் மேடைக்குப் பின்னால் போய், சான்றிதழ்க் கட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை உருவி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் மைக் முன்னால் போய் நின்றேன். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. நான்காம் வரிசையில் கார்த்திகேயனின் பெயரை வாசித்தேன். அவர் வந்து சான்றிதழை வாங்கி, மேயரோடு படத்துக்கு நின்றுவிட்டு, மேடையிலேயே மனைவிக்காகக் காத்திருந்தார். நான் அடுத்த பெயரை வாசித்தேன். அது ஒரு பிலிப்பினோப் பெயர்.

கார்த்திகேயன் என்னிடம் வந்து தமிழில், "என் மனைவி பேரை விட்டுட்டீங்க" என்றார். மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது.

நான் வாயைத் திறப்பதற்குள் நான்காம் வரிசையிலிருந்து மலர்விழி எழுந்தார். "அவங்க விடல. நான்தான் சொல்லல."

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் அது விளங்கியது எங்கள் மூவருக்கும்தான். மற்றவர்கள் ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் கை தட்டினார்கள். மகள் தாயின் சேலையை இழுத்து, "அம்மா, ஒய் டிடின்ட் தே கால் யூ?" என்று கேட்டது மட்டும் மேடைவரை கேட்டது.

அடுத்த வாரம் புகார்க் கடிதம் வந்தது. தமிழ் பேசும் ஊழியர் ஒருத்தி தன் மனைவியைப் பொய் சொல்லித் தனியே அழைத்துப்போய் மனதைக் கலைத்துவிட்டாள் என்று கார்த்திகேயன் எழுதியிருந்தார். விசாரணை முடியும்வரை என்னை மண்டபத்துக்கு அனுப்பவில்லை. நகர மையத்து அலுவலகத்தில் உட்கார்ந்து உறைகளில் முகவரி ஒட்டினேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். அவர் எவ்வளவு நேர்மையான பெண், எப்படித் தவித்தார் என்றெல்லாம்.

டெனிஸ் அதை என் முன்னாலேயே வாசித்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தார். மிஞ்சியது, உதடு அசையவில்லை என்பதும், நான் கேட்டபோது சொல்லவில்லை என்று அவரே கூறினார் என்பதும்.

"மற்றதெல்லாம் உண்மைதானே?" என்றேன்.

"உண்மைதான். ஆனால் அது அவருடையது. சொன்னாரா என்று கேட்பது நம் வேலை. ஏன் என்று நீ கேட்டாய். 'பேப்பரில் சின்ன விசயம்' என்றும் சொன்னாய். அந்தக் கணவர் கோபப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பதினொரு வருடத்தில் டெனிஸ் என்னைக் கண்டித்தது அந்த ஒரு தடவைதான். "எனக்கு அறிய வேணும் போலிருந்தது" என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மின்ட் மிட்டாயை என் பக்கம் தள்ளினார். "எனக்கும்தான்" என்றார். "நானும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தேன்."

புகார் எப்படி முடிந்தது என்றால், மலர்விழி ஒருநாள் மதியம் வேலை உடுப்போடேயே அலுவலகத்துக்கு வந்து, என்னைப் பார்க்காமலே, கவுன்டரில் நின்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த ஊழியர் கேட்டார், சொல்லவிடாமல் தடுக்கவில்லை, முடிவு நான் எடுத்தது என்று. புகாரை மூடினார்கள். அதற்குப் பிறகு யாரையாவது தனியே அழைப்பதென்றால் இரண்டு ஊழியர்கள் போகவேண்டும் என்று டெனிஸ் ஒரு விதி எழுதினார். அது என்னைக் குத்தியது, ஆனால் நல்ல விதி.

எட்டு மாதம் கழிந்து, பாட்டனி டவுன்ஸ் பக்கத்து விழாவின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ஒழுங்குப்படி நான் அழைக்கத்தான் வேண்டும். அழைத்தேன்.

"பேரை எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே, அக்கா."

"தெரியும். இருந்தாலும் ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னார். வேறொன்றும் நான் கேட்கவில்லை. வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

அன்றைக்கு மகளோடு மட்டும் வந்தார். சாதாரணப் பருத்திச் சேலை. சத்தியத்துக்கு எழுந்தபோது அட்டையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். எனக்கு உதடு தெரியவில்லை. ஆனால் குரல் கேட்டது. முந்நூறு குரல்களுக்குள் அது தனியாகக் கேட்டது. முன்வரிசை ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய முறை வந்தபோது நான் 'ழி'யைச் சரியாகச் சொன்னேன் என்று நம்புகிறேன். மகள் கதிரையில் ஏறி நின்று கை தட்டினாள்.

விழா முடிந்து தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அவராகவே வந்தார். நான் கேட்காமலே சொன்னார். கணவர் ஐந்து மாதத்துக்கு முன்னால், தனக்குக் கிடைத்த புதுப் பாஸ்போர்ட்டோடு, தனியாக பிரிஸ்பேன் போய்விட்டார். முதல் இரண்டு மாதம் இருவரும் மகளைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். மலர்விழி வீட்டை மாற்றி, பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஃப்ளாட் ஒன்றுக்கு வந்துவிட்டார்.

"இப்ப நான் எங்கயும் கிளம்பல. அதனால சொல்ல முடிஞ்சது" என்றார். "அவரு கிறிஸ்துமஸுக்கு வர்றார். அப்புறம் என்னன்னு அப்போ பேசிக்கலாம்னு இருக்கோம். இன்னைக்குச் சொன்னது பொய் இல்லக்கா. இன்னைக்கு அது போதும்."

அவர் கையில் போன் அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. மகள் பறித்து, "அப்பா, ஷீ டிட் இட்!" என்று கத்தினாள். மலர்விழி கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். "உங்ககிட்டப் பேசணுமாம்."

எனக்கு வேண்டாம் என்றிருந்தது. வாங்கினேன். திரையில் கார்த்திகேயன் ஏதோ கார் நிறுத்துமிடத்தில், வெயிலில், கழுத்தில் அலுவலக அட்டையோடு நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"நல்லா இருக்கீங்களா, அக்கா?"

"இருக்கிறன், தம்பி."

கடிதத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

"அவ சத்தமாச் சொன்னாளா?"

"ஓம். முன்னுக்கிருந்தவை திரும்பிப் பாத்தவை."

அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் மெதுவாகத் திரும்பிப் போனது.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்க்கா. அன்னைக்கு எங்க வரிசையைப் பார்த்துட்டு இருந்தது நீங்கதானே? நான் சொன்னேனா?"

"சொன்னனீங்கள், தம்பி. முழுக்கச் சொன்னனீங்கள்."

"அப்படியா?" என்றார் அவர். "எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்ல."